வெறும் பெட்டி அனுப்பாத அண்ணன்

என் அண்ணன் ஒருநாளும் பெட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பியதில்லை. அது எங்கள் பிறந்த வீட்டு வழக்கம். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணமோ, சொந்தக்காரர் பலகாரம் கொடுத்துவிட்ட தூக்குவாளியோ, திரும்பிப் போகும்போது உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். வீட்டில் ஒன்றுமே இல்லையென்றால் அம்மா ஒரு கை சீனி போட்டு அனுப்புவாள். வெறும் பாத்திரம் போனால் உறவும் போய்விடும் என்பாள். அவள் போன பிறகு நானும் அண்ணனும் எத்தனையோ விஷயத்தில் மாறிவிட்டோம். இதில் மட்டும் மாறவில்லை.

அண்ணன் சாணார்பட்டிப் பக்கம் அப்பாவின் தோட்டத்தில் பூவும் கத்திரியும் தக்காளியும் போடுகிறான். நான் திண்டுக்கல் நாகல் நகரில் குடியிருக்கிறேன், ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். எங்கள் இருவருக்கும் நடுவே இரண்டு வருடமாகப் போய்வந்துகொண்டிருந்தவை ஆறு தக்காளிப் பெட்டிகள். மார்க்கெட்டில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பச்சை பிளாஸ்டிக் பெட்டிதான். இங்கிருந்து போகும்போது செத்துப்போன செல்போனும் சார்ஜரும் மிக்சி மோட்டாரும் இருக்கும். அங்கிருந்து வரும்போது கத்திரிக்காய் இருக்கும்.

இதை எழுத உட்காரும்போதே கோபம் வருகிறது. எனக்குக் கோபம் சீக்கிரம்தான் வரும், என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் இந்தக் கோபம் யார்மேல் என்று இன்னும் எனக்கே சரியாகப் பிடிபடவில்லை.

ஆரம்பித்தது நான்தான். குப்பையைப் பற்றிய பாடம் நடத்தும்போது, ஓடாத மின்சாமான் உங்கள் வீட்டில் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். ஒரு பிள்ளை விரல்விட்டு எண்ணினாள், தன் விரல் போதாமல் பக்கத்துப் பிள்ளையின் கையை வாங்கிக்கொண்டாள். சிரித்தேன். வீட்டுக்கு வந்து என் பரணைப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. அரசாங்கம் கொடுத்த முதுகு பெருத்த டிவி, திரை உடைந்த லேப்டாப், யாருடையது என்றே தெரியாத மூன்று செல்போன், என் கணவர் ‘என்னைக்காச்சும் ஒதவும்’ என்று சேர்த்து வைத்த ஒரு பை நிறைய சார்ஜர். அவை என்றைக்கும் உதவப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும்.

பரண் நிறைந்துவிட்டால் பேரீச்சம்பழத்துக்குப் போடுவார்கள். பேரீச்சம்பழம் கொடுக்கிற காலம் போய்விட்டது, சொல் மட்டும் மிச்சம். எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை மூன்று சக்கர சைக்கிளில் பழைய இரும்புக்காரர் ஒருவர் வருவார். அவர் கண்மாய்க் கரையில் வயரைக் குவித்து எரித்துச் செம்பை எடுப்பதை ஒருநாள் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டேன். அடுத்த வாரம் தெருமுனையிலேயே அவரை மறித்தேன்.

“ஊரையே புகையாக்கிட்டு, இங்க வந்து நல்லவராட்டம் மணியடிக்கிறீங்களா? இனி இந்தத் தெருவுக்குள்ள வராதீங்க.”

அவர் “சரிங்க டீச்சர்” என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். தெருவே என்னைப் பெருமையாகப் பார்த்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த மாதம் பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். “பழைய சாமான எங்கிட்ட குடுங்க. நீங்க குடுக்குற ஒரு வயர்கூட நம்ம ஊரு மண்ணுல எரியாது. அதுக்கு நான் பொறுப்பு.” கை தட்டினார்கள். பிள்ளைகளிடமும் அதே சொல்லைச் சொன்னேன், தெருவில் வீடுவீடாகப் போயும் சொன்னேன். என் சொல்லை நம்பித்தான் பொருள் வந்தது.

அனுமதி வாங்கி முறையாகப் பிரித்தெடுக்கிற கம்பெனி ஒன்று மேற்கே, ஒட்டன்சத்திரம் தாண்டி இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவ்வளவு தூரம் யார் கொண்டுபோவது? அண்ணனிடம் ஒரு குட்டியானை வண்டி இருந்தது. காய் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறவன் அவன்.

“அந்த வழியாத்தான பாப்பா போறேன், இன்னும் செத்த தூரம் போனா ஆச்சு. நீ கவலைய விடு, நான் பாத்துக்கிறேன்” என்றான். எனக்கு நாற்பத்தைந்து வயதாகிறது, அவனுக்கு இன்னும் நான் பாப்பாதான். அந்தச் சொல்லைக் கேட்டால் நான் எதையும் கொடுத்துவிடுவேன். கொடுத்துவிட்டேன்.

ஒவ்வொரு பொருளிலும் பிள்ளைகளை நோட்டு லேபிள் ஒட்டவைத்தேன். பெயர், வகுப்பு, பிரிவு, என்ன பொருள் என்று எழுத வேண்டும். கொடுத்தது எங்கோ போய்த் தொலைந்தது என்று அவர்கள் மறந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். எதிர்வீட்டு அக்கா தன் பழைய டிவியைக் கொடுக்கும்போது அதன் நெற்றியில் சந்தனம் வைத்து மேலே குங்குமமும் வைத்துக் கொடுத்தார். “பதினஞ்சு வருசம் நம்ம வீட்டுல ஓடுச்சு. வெறுமனே தூக்கிக் குடுக்க மனசு வரல டீச்சர்” என்றார்.

வாராவாரம் அண்ணன் வந்து அள்ளிக்கொண்டு போவான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி முத்திரை போட்ட சான்றிதழ் கொண்டுவருவான். முதல் சான்றிதழைச் சட்டம் போட்டு ஆசிரியர் அறையில் மாட்டினோம். பெட்டிகள் நிறையக் கத்திரிக்காயோடு வாராவாரம் வந்தன. எங்கள் ஒரு வீட்டுக்கு அவ்வளவு எதற்கு? பழைய பொருள் கொடுத்தவர்களுக்கெல்லாம் நன்றியாகப் பங்கு வைத்துக் கொடுத்தேன். எதிர்வீட்டு அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த வீட்டுக்கு மட்டும் இரண்டு பங்கு. “எந்தக் கொழம்ப வச்சாலும் கொமட்டுதுங்கிறா, உங்க அண்ணன் தோட்டத்துக் கத்திரிக்காய வதக்குனா மட்டும் தட்டு காலியாகுது” என்று அக்கா சொல்லும்போது எனக்குக் குளிர்ந்துபோகும்.

ஒரு சனிக்கிழமை காலை காயைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே ஏதோ கையில் இடறியது. எடுத்துப் பார்த்தால் செல்போன் சார்ஜரின் பாதி. வயர் இல்லை. ஒரு பக்கம் உருகிக் கருகியிருந்தது. மறுபக்கம் நோட்டு லேபிளின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு. பெயர் இருந்த இடம் எரிந்துபோயிருந்தது. ஆனால் ‘ழா’வுக்கு அவ்வளவு நீளமாகச் சுழி போடுகிற பிள்ளை என் வகுப்பில் ஒருத்திதான்.

போகும்போதே பெட்டியில் தங்கிவிட்டிருக்கும் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். சரி, தங்கியது எப்படிக் கருகியது? நான் அறிவியல் டீச்சர். நெருப்பு இல்லாமல் கருகாது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பங்கு வைத்தது வைத்தபடி கிடக்க, நத்தம் பஸ் ஏறினேன்.

அண்ணன் வீட்டில் இல்லை. மதினி வாசலில் உட்கார்ந்து சந்தைப் பையிலிருந்து கத்திரிக்காயை முறத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதாம்மா?”

பிறந்த வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டுப் போகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. தோட்டத்துக்குப் போகிறேன் என்றேன். “வெயிலா இருக்கு, இப்ப எதுக்கு? செத்த நேரம் ஒக்காருங்க, காப்பி போடுறேன்” என்று கையைப் பிடித்தார். கை வியர்த்திருந்தது. உருவிக்கொண்டு நடந்தேன்.

தோட்டத்தின் கடைசியில் அப்பா காலத்துக் கிணறு. போர்வெல் போட்ட பிறகு அது வற்றிக் கிடந்தது. கிட்டப் போகும்போதே நாற்றம் தொண்டையில் ஒட்டியது. எட்டிப் பார்த்தேன். டிவி ஓடுகள், உடைந்த கண்ணாடி, கீபோர்டுகள், பிதுங்கிய பேட்டரிகள். மேலாகக் கவிழாமல் கிடந்த ஒரு டிவியின் நெற்றியில் காய்ந்துபோன சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன. கிணற்று மேட்டில் ஒரு கட்டில் அகலத்துக்குச் செம்மண் கருப்பாகியிருந்தது. கருப்புக்குள் பாதி எரிந்த லேபிள்கள். ஆறாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு. என் பிள்ளைகளின் கையெழுத்து எல்லாம் அங்கே இருந்தது. மழை பெய்தால் அந்தக் கருப்பு வழிந்து போகிற வாய்க்கால் பக்கத்திலேயே இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கத்திரிப் பாத்தி. காய் நன்றாகத்தான் காய்த்திருந்தது.

மதினி போன் போட்டிருப்பார் போலிருக்கிறது, அண்ணன் வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினான். கையிலிருந்த சார்ஜர் துண்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவன் அதைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்தான்.

“ஒரு தடவயாச்சும் கம்பெனிக்குப் போனியா அண்ணே?”

“மொதோ ரெண்டு தடவ போனேன் பாப்பா. அம்மா சத்தியமா போனேன். உள்ள இருக்குற போர்டு மட்டுந்தான் எடுப்போம், டிவியெல்லாம் வேண்டாம்னுட்டாய்ங்க. மிச்சத்த நான் எங்க கொண்டு போயிக் கொட்ட?”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“அம்புட்டுப் பேரு முன்னாடி நீ பொறுப்புன்னு சொல்லிட்டு நிக்கிற. திருப்பிக் கொண்டாந்து உன் வாசல்ல எறக்குனா உன் மானம் என்னாகும்? உனக்காகத்தான் இங்க போட்டேன்.”

“எனக்காகத்தான் எரிச்சியா?”

“பூ வெல விழுந்து கெடந்துச்சு. செம்புக்கு ஆளு வந்து கேட்டான்” என்றான்.

“அந்தச் சான்றிதழ்?”

“நீதான பாப்பா கேட்ட? மொதோ குடுத்தத ஜெராக்ஸ் கடையில குடுத்தேன். தேதிய மட்டும் மாத்திக் குடுத்தான்.”

நான் கத்தினேன். பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். வேலியே பயிரை மேய்கிறது என்று பிள்ளைகளுக்குப் பழமொழி சொல்லிக்கொடுக்கிறவள் நான். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் மடியில் உட்கார வைத்துத்தான் என் மகளுக்குக் காது குத்தினோம். ஊரில் யார் சான்றிதழ் கொடுத்தாலும் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நான், அவன் கொடுத்ததை ஒருமுறைகூட உற்றுப் பார்க்கவில்லை. கம்பெனிக்கு ஒரு போன் பண்ணியிருந்தால் போதும். அண்ணன் கொடுத்ததைச் சரிபார்ப்பது அவனை அவமானப்படுத்துவது என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. எங்கள் வீடுகளில் அப்படித்தான் தோன்றும்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன். தெரியாமல் செய்துவிட்டான். படிக்காதவன், புகை காற்றோடு போய்விடும் என்று நினைத்திருப்பான். அந்தப் பாத்திக் காயைத்தானே அவன் பிள்ளைகளும் தின்கிறார்கள்? தெரிந்திருந்தால் தின்னக் கொடுப்பானா? அந்த நினைப்பு இல்லாவிட்டால் அன்றைக்கு என்னால் வீடு வந்து சேர்ந்திருக்க முடியாது.

திங்கட்கிழமை பள்ளியில் பிரார்த்தனைக் கூட்டத்தில் உண்மையைச் சொன்னேன். நான் கொடுத்த சொல் பொய்யாகிவிட்டது, எரித்தது என் அண்ணன்தான் என்றேன். சான்றிதழை நானே கழற்றினேன், சுவரில் அதன் அளவுக்கு வெள்ளையாக ஒரு கட்டம் தெரிந்தது. தெருவிலும் வீடுவீடாகப் போனேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “கூடப் பொறந்தவன நம்பாம வேற யார நம்புறது டீச்சர், விடுங்க” என்றார்கள். எதிர்வீட்டு அக்கா இன்னும் ஒருபடி மேலே போனார். “அண்ணன் தங்கச்சிக்குள்ள ஆயிரம் இருக்கும். அந்தக் கோவத்துல காய மட்டும் நிறுத்திறாதீங்க, எம் மக அதத்தான் கேக்குறா.”

பாத்தி எங்கே இருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உறுதியாகத் தெரியாததைச் சொல்லி மாசமாக இருக்கிற பெண்ணை ஏன் பயமுறுத்த வேண்டும்? அண்ணன் வீட்டிலும் அதைத்தானே சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கு என்ன ஆகிவிட்டது? இப்படிச் சொல்லிச் சொல்லி வாயை மூடிக்கொண்டேன். “இனிமே காய் வராதுக்கா, அண்ணன்கூடப் பேசுறதில்ல” என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

பழைய இரும்புக்காரரையும் தேடிப் போனேன். எரிந்தது எரிந்துவிட்டது, கிணற்றில் கிடப்பதையாவது வெளியே எடுக்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். தெருமுனையில் நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. “நான் எரிக்கிறவந்தான் டீச்சர், இல்லேங்கல. ஆனா நான் எரிக்கிற எடத்துல எதையும் வெதைக்க மாட்டேன்” என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். கண்ணாடியையும் டிவி ஓட்டையும் தனியாக எடுத்துக்கொள்கிற ஓர் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் அங்கே போன் பண்ணினேன், நேரிலும் போய்ப் பார்த்தேன். இந்த முறை எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கிணற்றைக் காலி செய்கிற அன்றைக்கு மறுபடியும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் என் எதிரில் வரவில்லை. மதினியிடம் ஒன்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்றுதான் வீட்டுக்குள் போனேன். சண்டை என்றாலும் அவன் பிள்ளைகள் எனக்கும் பிள்ளைகள்தானே.

“மதினி, அந்தப் பாத்திக் காய மட்டும் சமைக்காதீங்க. மண்ணப் பரிசோதிக்கிற வரைக்குமாச்சும் பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க. நல்லதில்ல.”

மதினி அடுப்படியில் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

“நாங்க எங்கம்மா அதத் திங்கிறோம்? எரிக்க ஆரம்பிச்ச நாள்லருந்து சந்தையிலதான் வாங்குறோம். உங்க அண்ணன்தான் வீட்டுக்கு அது வேண்டாம்னுட்டாரு.”

எனக்கு அந்தச் சந்தைப் பை ஞாபகம் வந்தது. தோட்டம் நிறையக் கத்திரிக்காய் வைத்திருக்கிறவர்கள் எதற்காகக் கத்திரிக்காயை விலைக்கு வாங்கி முறத்தில் கொட்ட வேண்டும்? அன்றைக்கு நான் அதைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன்.

“அப்ப எனக்கு மட்டும் ஏன் குடுத்துவிட்டீங்க?”

மதினி அரிவாள்மனையை விட்டு எழுந்தார். அவர் முகத்தில் குற்றம் செய்த பாவனையே இல்லை. நான் புரியாமல் கேட்கிறேன் என்பதுபோல்தான் பார்த்தார்.

“பெட்டிய வெறுசா எப்படிம்மா அனுப்புறது?”

காப்பி குடிக்கச் சொன்னார், குடிக்கவில்லை. அவன் கிணற்றில் போட்டதையும் எரித்ததையும் பொய்ச் சான்றிதழையும்கூட என்றாவது ஒருநாள் மன்னித்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதை என் பிள்ளைக்கு நிறைத்து அனுப்பினானே, அது ஆறவில்லை. வாராவாரம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, அண்ணனுக்கு எவ்வளவு பாசம் என்று நான் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை. எதிர்வீட்டுக்குத்தான் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து வயிற்றுப் பிள்ளைக்காரி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்ன டீச்சர், அண்ணன்கூட ராசியாயிட்டீங்களா? கத்திரிக்காய் வருமா?”

பாத்தி எங்கே இருந்தது, வாய்க்கால் எங்கே ஓடியது, எரிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அண்ணன் வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை, எனக்கு இதில் எவ்வளவு எப்போது தெரியும், எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். அக்காவின் கையிலிருந்த சீப்பு பாதி முடியில் நின்றுவிட்டது. மகள் மெதுவாகத் தன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“கெணத்தப் பாத்து எத்தன நாளாச்சு டீச்சர்?” என்று கேட்டார் அக்கா.

“பதினாறு நாளு.”

“பதினாறு நாளா எதிர்லதான இருக்கேன்” என்றார். மகளைக் கைத்தாங்கலாக எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். கிணற்று மேட்டில் நின்று நான் என் அண்ணனைப் பார்த்ததும் அப்படித்தான்.